பிரைம் லென்ஸ் தேர்வு (வட சென்னை)

பிரைம் லென்ஸ் என்பது குவியத் தூரம் மாறாத லென்ஸ். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் ஜூம் லென்ஸுக்கு மாற்றாகவோ துணையாகவோ பயன்படுகிறது. ஜூமில் வளையத்தைத் திருப்பினால் காட்சி அருகே வரும். பிரைமில் படம் எடுப்பவர்தான் முன்னே போக வேண்டும், பின்னே வர வேண்டும். ஆகவே எந்த பிரைமை வாங்கலாம் என்று கேட்பவர் முதலில் யோசிக்க வேண்டியது, தான் படமெடுக்கும் இடத்தில் எவ்வளவு தள்ளி நிற்க முடியும் என்பதைத்தான். மாத்தூர், மணலி, திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, ராயபுரம் என்று நீளும் வட சென்னையில் இதற்குக் கிடைக்கும் விடை, கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் விடையிலிருந்து விலகியே இருக்கிறது. இங்கே வீடும் சந்தும் படகும் குறுகல். மீன் வியாபாரம் விடியுமுன் தொடங்கிவிடுகிறது. காற்றில் உப்பு, மண்ணில் சாம்பல்.

வரலாறு

ஒளிப்படக்கலையின் முதல் நூறாண்டில் லென்ஸ் என்றாலே பிரைம்தான். 1840-இல் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த உருவப்பட லென்ஸும், 1896-இல் ஜைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் உருவாக்கிய பிளானாரும் அப்படிப்பட்டவை. இன்று கடையில் கிடைக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்களில் பெரும்பாலானவை அந்த பிளானாரின் பரம்பரை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1857-58-இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைப் படமெடுத்ததும் குவியத் தூரம் மாறாத கண்ணாடி வழியாகத்தான். 1925-இல் வந்த முதல் லைக்கா கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டிருந்தது. 1930-இல்தான் லைக்காவில் லென்ஸை மாற்ற முடிந்தது. நிழற்படக் கேமராவுக்கான முதல் ஜூமான வாய்க்லண்டர் ஜூமார் 1959-இல் வெளிவந்தது.

50 மி.மீ. லென்ஸின் புகழுக்கு பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஒரு பெரிய காரணம். வாழ்நாளில் பெரும்பாலும் அந்த ஒரு லென்ஸையே அவர் பயன்படுத்தினார். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். ஆனால் அவர் கையில் இருந்தது 36 மி.மீ. அகலத்தில் படம் பதியும் 35 மி.மீ. படச்சுருள். இன்று முதல் கேமரா வாங்கும் இளைஞர்களில் பலரிடம் இருப்பது அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் “50 வாங்கு” என்று மட்டும் சொல்வதுதான் வழக்கமாகிவிட்டது.

குவியத் தூரமும் இடமும்

கணக்கு எளிது. பொருள் இருக்கும் தூரத்தைச் சென்சாரின் அகலத்தால் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால், படத்தில் அடங்கும் அகலம் வந்துவிடும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. நிக்கான், சோனி, ஃபியூஜி ஏபிஎஸ்-சி சென்சார்கள் சுமார் 23.5 மி.மீ.; கேனனுடையது சுமார் 22.3 மி.மீ.

மாத்தூர் எம்எம்டிஏ பகுதி வீடொன்றில் பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். முதுகு சுவரில் முட்டும்படி நின்றால், எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருப்பவர் இரண்டரை மீட்டர் தள்ளி இருப்பார். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. மாட்டினால் படத்தில் அடங்குவது 1.2 மீட்டர்தான்: ஒருவர், மிஞ்சினால் அவர் தோளை ஒட்டி இன்னொருவர். 35 மி.மீ.யில் 1.7 மீட்டர். 24 மி.மீ.யில் ஏறத்தாழ 2.4 மீட்டர்; வளைகாப்புக்கு வந்த உறவுக்காரப் பெண்கள் நான்கு பேரும் பின்னால் இருக்கும் பீரோவும் உள்ளே வந்துவிடுவார்கள். அதே 50-ஐ ஃபுல் ஃபிரேமில் மாட்டினால் 1.8 மீட்டர். அதாவது கார்த்தியே-பிரெஸ்ஸோன் 50-இல் பார்த்த உலகத்தை ஏபிஎஸ்-சியில் பார்க்க ஏறத்தாழ 35 மி.மீ. வேண்டும்.

இந்தக் காரணத்தால், ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருக்கும் வட சென்னைக்காரர் முதல் பிரைமாக 50 வாங்குவது பெரும்பாலும் தவறான தேர்வே. விலை குறைவு என்பது உண்மை. 1990-இல் வந்த கேனன் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 II, பிளாஸ்டிக் மவுண்டோடு (கேமராவில் பொருந்தும் பகுதி) 130 கிராம் எடையில் ஒரு தலைமுறைக்கே பிரைமை அறிமுகப்படுத்தியது. 2015-இல் அதன் இடத்தை எஸ்டிஎம் பதிப்பு பிடித்தது. ஆனால் ஏபிஎஸ்-சியில் அது முகத்தை எடுக்கும் லென்ஸ், இடத்தை எடுக்காது. முதலில் வாங்க வேண்டியவை கேனனில் 2014-இல் வந்த இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8, நிக்கானில் 2009-இல் வந்த டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி போன்றவை. கேனன் 24 தட்டையாக இருப்பதால் கூட்டத்தில் கண்ணை உறுத்தாது. இதையும் ஒரு தகுதியாகக் கணக்கில் எடுக்கலாம்; பெரிய லென்ஸைக் கண்டால் “எந்த டிவி சார்?” என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து போஸ் கொடுப்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு.

ஒளி

பிரைமின் இன்னொரு பலம் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளையின் அளவு. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப்/1.8 பிரைம் அதைப்போல ஒன்பது பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஷட்டர் ஸ்பீடு 1/20 விநாடிக்கு இறங்கும் இடத்தில் பிரைமில் 1/200 கிடைக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் இருட்டிலேயே களைகட்டுகிறது. சென்னையில் சூரியன் உதிப்பது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில். அதற்கு முன்பே படகிலிருந்து கூடைகள் கைமாறத் தொடங்கிவிடும். வீசப்படும் கூடை 1/20-இல் வெறும் கோடாகப் பதியும். 1/200-இல் கூடையாகத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் வலை பின்னுவதையும் படகு பழுதுபார்ப்பதையும் பகல் வெளிச்சத்தில் நிதானமாக எடுக்கலாம். கிட் லென்ஸே போதும்.

அகலத் திறந்தால் வரும் விலையும் உண்டு. ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ.யை எஃப்/1.8-இல் வைத்து இரண்டு மீட்டரில் குவித்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 11 செ.மீ.தான். மீன்கார அம்மாவின் முகம் துலங்கினால் அவர் கையில் தூக்கிக் காட்டும் வஞ்சிரம் மங்கிவிடும். அதே தூரத்தில் 24 மி.மீ. லென்ஸ் எஃப்/1.8-இலேயே ஏறத்தாழ அரை மீட்டர் ஆழம் தரும். பின்னணியை முழுவதும் கரைத்துவிடும் மோகம் இப்போது அதிகம். பின்னணி கரைந்துவிட்டால் காசிமேடும் ஒன்று, கோயம்பேடும் ஒன்று.

டியூப்லைட்டுக்கும் மலிவான எல்இடி விளக்குக்கும் அடியில் இன்னொரு தொல்லை. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/200, 1/500 என்று ஏற்றினால், குறிப்பாக மிரர்லெஸ் கேமராவின் எலெக்ட்ரானிக் ஷட்டரில், படத்தில் பட்டை விழும். 1/50, 1/100 என்று வைத்தால் விழாது. ஆகவே உள்ளரங்கில் எஃப்/1.8-இன் பயன் ஷட்டரைக் கூட்டுவதைவிட ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) குறைப்பதில்தான் அதிகம்.

உள்ளரங்க ஒளியின் சிக்கலுக்குக் கேரம் கிளப்புகள் நல்ல எடுத்துக்காட்டு. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வட சென்னைப் பெண். இந்த ஆட்டத்தில் பலகைக்கு மேலே தொங்கும் விளக்கு பலகையையும் விரல்களையும் வெளுப்பாக்கும். ஆடுபவரின் முகம் பாதி இருட்டில் இருக்கும். முகத்துக்கு ஏற்ற ஒளியளவு வைத்தால் பலகை வெளுத்துப்போகும். பலகையிலிருந்து எதிரொளித்து மேலே வரும் வெளிச்சத்தை முகம் வாங்கும்படி ஆடுபவர் குனியும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். அங்கே 35 மி.மீ. எஃப்/1.8-க்கு ஈடில்லை. குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டியிருப்பதால் 85 மி.மீ. எஃப்/1.8 பொருந்தும். கல்யாண மண்டபத்தில் மேடைக்குக் கீழிருந்து மணமக்களை எடுப்பவருக்கும் அதுவே: ஃபுல் ஃபிரேமில் ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் இரண்டு மீட்டர் அகலம் அடங்கும்.

எண்ணூர்

எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர் படகில் ஏறியவர் பின்னே நகர முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது காட்டுக்குப்பம் பக்கத்துப் படகுகளும் வலைகளும் கறுத்துக் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் ஒரே படகுக்குள் இருந்துகொண்டு கறை படிந்த கையையும் பின்னால் தெரியும் புகைபோக்கியையும் சேர்த்துச் சொல்ல, ஃபுல் ஃபிரேமில் 24 அல்லது 28, ஏபிஎஸ்-சியில் 16 அல்லது 18 மி.மீ. வேண்டும்.

அங்கே கூழைக்கடா முதலான பறவைகளைப் படமெடுக்க இதுவரை சொன்ன பிரைம்கள் எதுவும் உதவாது. 300, 400 மி.மீ. பிரைம்களில் அகலத் திறப்பவை லட்சக்கணக்கில் விலை போகின்றன. விதிவிலக்கு 1993-இல் வந்த கேனன் இஎஃப் 400 மி.மீ. எஃப்/5.6: அசைவுத் தடுப்பு கிடையாது, ஆனால் எடை குறைவு, பழையதாக வாங்கினால் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு 150-600 ஜூம்தான் புத்திசாலித்தனம். துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம் போன்ற இடங்களை முன் அனுமதி இல்லாமல் படமெடுக்கப் போனால் சிக்கல் வரும். நீண்ட லென்ஸ் இருந்தால் காவலர் இன்னும் சீக்கிரம் கூப்பிடுவார்.

மவுண்ட்

லென்ஸ் கேமராவில் பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று 50 மி.மீ. எஃப்/1.8டி வாங்கி அவற்றில் மாட்டினால் கையால்தான் குவிக்க வேண்டும். ‘ஜி’ என்று முடியும் ஏஎஃப்-எஸ் பதிப்பு வேண்டும். எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக நிக்கான் இசட் கேமராவில் மாட்டினாலும் டி லென்ஸின் ஆட்டோஃபோகஸ் ஓடாது. கேனன் நிலை இதைவிட இலகு: 1987-இல் தொடங்கிய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டருடன் 2018-இல் வந்த ஆர்எஃப் மவுண்டில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கின்றன.

உப்பு, சாம்பல், பூஞ்சை

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்; சென்னையில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். பாதுகாப்பான அளவு 40 முதல் 50 வரை. டிரை கேபினெட் வாங்க முடியாதவர் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். தோல் உறைக்குள் பூட்டி பீரோவில் வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

எண்ணூர், மணலிப் பக்கம் படியும் நிலக்கரிச் சாம்பல் கண்ணாடியைக் கீறும் துகள். முதலில் ஊதுபந்தால் ஊத வேண்டும்; துடைப்பது அதற்குப் பிறகே. வெளியிடத்தில் லென்ஸ் மாற்றினால் சாம்பல் சென்சாரில் போய் உட்காரும். ஆகையால் இந்தப் பகுதிக்கு இரண்டு மூன்று பிரைம்களைத் தூக்கிக்கொண்டு போவதைவிட ஒன்றை மாட்டிக்கொண்டு அன்று முழுவதும் அதிலேயே எடுப்பது நல்லது. கடற்கரையிலிருந்து திரும்பியதும் வெளிப்புறத்தை ஈரத்துணியால் ஒற்றி உப்பை நீக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸ் ஆவி பூத்துக்கொள்ளும். பையை மூடியபடியே கால் மணி நேரம் விட்டால் சரியாகும்.

பழைய லென்ஸ் வாங்குதல்

பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையம் எதிரே உருவான பர்மா பஜார், ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கேமராவுக்குப் பேர்போன இடம். இன்று பழைய லென்ஸ் பெரும்பாலும் ஆள் மூலமாகவே கைமாறுகிறது. எங்கே வாங்கினாலும் சோதனை ஒன்றுதான். அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை. இரண்டொரு தூசி இருப்பதால் படம் கெடாது. இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, ஃபோகஸ் வளையம் மணல் அரைபடும் சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கடலோரத்தில் பயன்பட்ட லென்ஸ் என்றால் மவுண்ட் திருகுகளையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று பட்டதற்கான துரு முதலில் அங்கேதான் தெரியும்.