பத்து சென்ட் காமிக்ஸும் மறுக்கப்பட்ட நூலக அட்டையும்

1956ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலம். பதினாறு வயதுப் பையன் ஒருவன் கூடப்பிறந்தவர்களோடு ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டான். நூலகம் வெள்ளையருக்கு மட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அறுபது வருடம் கழித்து, 2016 நவம்பரில், அமெரிக்க தேசியப் புத்தக விருதை வாங்கிக்கொண்டு மேடையில் நின்று இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கினார். அவர் ஜான் லூயிஸ், குத்தகை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. விருது பெற்ற புத்தகம் 'மார்ச்' மூன்றாம் பாகம். அந்த விருதை வாங்கிய முதல் கிராஃபிக் நாவல் அதுதான்.

லூயிஸைப் பற்றி நம்மில் பலருக்கு ஓரளவு தெரியும். கூடவே மேடை ஏறியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஐடினை அவ்வளவாகத் தெரியாது. அட்லாண்டாவில் தனியாளாக நின்ற அம்மா வளர்த்த பிள்ளை, சிறுவயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். பெரிய எழுத்தாளராக அறியப்பட்டவர் அல்ல, நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸின் அலுவலக ஊழியர். 2008 தேர்தல் வேலை முடியும் நேரம், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்ற பேச்சு வந்தது. காமிக்ஸ் மாநாட்டுக்குப் போகிறேன் என்றார் ஐடின். எல்லோரும் சிரித்தார்கள். லூயிஸ் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் இயக்கத்துக்கும் ஒரு காமிக்ஸ் இருந்தது, அது பெரிய வேலை செய்தது என்றார்.

அவர் சொன்னது 'மார்ட்டின் லூதர் கிங்கும் மான்ட்கோமரி கதையும்' என்ற புத்தகம். 1957 டிசம்பரில் வந்தது. பதினாறு பக்கம், விலை பத்து சென்ட். நல்லிணக்கக் கூட்டமைப்பு என்ற அமைதி அமைப்பு இரண்டரை லட்சம் பிரதி அச்சடித்தது. ரோசா பார்க்ஸ் கைதானதையும், கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்ததையும் சொல்லிவிட்டு, இதை நீங்களும் எப்படிச் செய்யலாம் என்று கடைசியில் விளக்குகிறது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் சட்டைப்பையில் அடங்குகிற போராட்டக் கையேடு என்று சொல்லலாம்.

ஐடின் இதைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் ஒரு காமிக்ஸ் எழுதுங்கள் என்று லூயிஸைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சரி, நீயும் சேர்ந்து எழுதுவதாக இருந்தால் எழுதலாம் என்று கடைசியில் பதில் வந்தது. இரவிலும் விடுமுறை நாளிலும் உட்கார்ந்து எழுதினார்கள். அந்தப் பத்து சென்ட் புத்தகத்தைப் பற்றியே ஐடின் முதுகலை ஆய்வேடும் எழுதினார். நேட் பாவெல் கறுப்பு வெள்ளையில் படம் வரைந்தார். 2013, 2015, 2016 என்று மூன்று பாகமும் வந்தன.

எங்கள் படிப்பு வட்டத்தில் அதிக நேரம் பேசியது நாஷ்வில் பயிற்சிக் காட்சிகளைப் பற்றித்தான். வெள்ளையர் மட்டும் சாப்பிடுகிற கடைகளில் போய் உட்காருவதற்கு முன்னால் மாணவர்கள் ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையில் திட்டி, இழுத்துத் தள்ளி ஒத்திகை பார்க்கிறார்கள். தாங்க முடியாதவர் விலகிக்கொள்ளலாம். நம் கூட்டங்களில் வீரம் பேசுகிறோம், இப்படி ஒரு பயிற்சி நடத்தியிருக்கிறோமா?

இன்னொன்றையும் இந்தப் புத்தகம் மறைக்கவில்லை. 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. 23 வயது லூயிஸின் உரை காரமாக இருக்கிறது என்று சொந்த அணிப் பெரியவர்களே திருத்தச் சொன்னார்கள். முதியவர் ஃபிலிப் ராண்டால்ஃப் கேட்டுக்கொண்டதால் இவர்கள் இறங்கி வந்தார்கள். இயக்க வரலாறு எழுதுகிறவர்கள் பொதுவாக இதையெல்லாம் விட்டுவிடுவார்கள். தலைவர்கள் எல்லோரும் கைகோத்து நிற்கும் படம்தான் மிஞ்சும்.

நமக்கு ஒரு முரண்பாடும் உண்டு. அந்த 1957 காமிக்ஸ் இந்தியாவிலிருந்து எடுத்துக்காட்டியது காந்தியைத்தான். நாஷ்வில் மாணவர்களுக்குப் பயிற்சி தந்த ஜேம்ஸ் லாசன் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று வருடம் வேலை பார்த்து, 1956இல் ஊர் திரும்பியவர். அதே வருடம் அக்டோபர் 14 அன்று அதே நாக்பூரில்தான் பாபாசாகேப் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். தண்ணீருக்காக 1927இல் மகாத் குளத்தில் இறங்கியது நம் மக்களின் மறியல் வரலாறு. அது அந்தப் பத்து சென்ட் புத்தகத்தில் ஏறவில்லை. லாசனையோ கிங்கையோ குறை சொல்லவில்லை. அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் நம் கதை படமாக இல்லை, அவ்வளவுதான். பாபாசாகேபின் குழந்தைப் பருவத்துத் தண்ணீர்த் தாகத்தை கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த 'பீமாயணா' வந்ததே 2011இல்தான்.

1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் போலீஸ் தடியடியில் லூயிஸின் மண்டை உடைந்தது. அன்று அவர் முதுகுப்பையில் இரண்டு புத்தகம், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பல் துலக்கும் சாமான். சிறைக்குப் போகத் தயாராக வந்திருந்தார். 2015இல், 75 வயதில், அதே மாதிரி கோட்டும் பையும் மாட்டிக்கொண்டு சான் டியேகோ காமிக்ஸ் மாநாட்டுக்குப் போனார். சூப்பர்மேன் வேடம் போட்டவர்கள் திரியும் இடம் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு மாநாட்டு அரங்கில் ஊர்வலம் போனார். ஐடினும் கூட நடந்தார்.

லூயிஸ் 2020 ஜூலை 17 அன்று இறந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய 'ரன்' முதல் பாகம் 2021 ஆகஸ்டில் வந்தது. எல். ஃப்யூரி வரைந்தது. 1966இல் லூயிஸைத் தலைவர் பொறுப்பிலிருந்து அவருடைய சொந்த மாணவர் அமைப்பே இறக்கிவிட்டதை அதில் படிக்கலாம். தோற்ற கதையை ஒரு தலைவரிடம் உட்கார்ந்து கேட்டு வாங்குவது லேசான வேலையல்ல. ஐடின் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.