ஒரே ஒரு இமை முடி: 3,500 வருடக் கதை

கண்ணுல ஒரு தூசி விழுந்தாலே நமக்கு வேற வேலை ஓடாது. இமை முடியே உள்பக்கமா வளைஞ்சு, கண் சிமிட்டும்போதெல்லாம் கருவிழியை உரசினா? இதுக்கு மருத்துவப் பெயர் ட்ரிக்கியாசிஸ். இன்னைக்கு அதோட வரலாறு.

கிமு 1550 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியிலேயே இதற்கு வைத்தியம் இருக்கிறது. முடியைப் பிடுங்கணும், திரும்ப முளைக்காம இருக்க மருந்து பூசணும். அந்த மருந்துகள்ல மிருக ரத்தமும் உண்டு!

முடி ஏன் வளையுது? முக்கியமான காரணம் டிராக்கோமா என்ற பாக்டீரியா தொற்று. கை, துணி, ஈ வழியாப் பரவும். சின்ன வயசுல திரும்பத் திரும்ப வந்தா, இமையோட உள்பக்கம் தழும்பாகும். தழும்பு சுருங்கச் சுருங்க, இமை விளிம்பை உள்ளே இழுக்கும். எகிப்துப் போருக்குப் போன பிரிட்டிஷ் வீரர்கள் கண்நோயோடு ஊர் திரும்பினாங்க. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805இல் தொடங்கப்பட அதுவும் ஒரு காரணம்.

ஆனா, கண்டுபிடிக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. வலி தாங்காம முள்வாங்கியால முடியைப் பிடுங்கிட்டு வர்றவங்க கண்ணைப் பார்த்தா, உரசுற முடியே இருக்காது. ஆனா சில வாரத்துல அது மறுபடி முளைச்சிடும். அதனாலதான் 1987இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எளிய வகைப்பாட்டில், ஒரே ஒரு முடி கண்ணைத் தொட்டாலும் கணக்கு. சமீபத்தில் பிடுங்கிய அடையாளம் இருந்தாலும் கணக்கு என்று வரையறுத்தார்கள். இல்லாத முடியும் ஒரு அறிகுறிதான்!

இந்தியாவில் டிராக்கோமா இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2024 அக்டோபரில் அதே நிறுவனம் அறிவித்தது. பெரிய வெற்றிதான். ஆனா பழைய தழும்பு பல வருஷம் கழிச்சும் வேலையைக் காட்டும். டிராக்கோமா இல்லாமலே, இமை அழற்சியாலும் வயதாலும்கூட முடி உள்ளே திரும்பலாம். தொடர்ந்து உரசினா கருவிழி வெள்ளையாகி, பார்வையே போகலாம்.

அதனால, உங்க பாட்டி கண்ணாடி பக்கத்துல முள்வாங்கி வெச்சிருந்தா, "எதுக்கு பாட்டி இது?"ன்னு ஒரு தடவை கேளுங்க. இமை முடி பிடுங்கத்தான்னு சொன்னா, கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தேவைப்பட்டா, இமை விளிம்பை வெளிப்பக்கம் திருப்புற சின்ன ஆபரேஷன் இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!