பிரிக்காத சிப்பியும் பிள்ளைகள் கையில் போனும்



நம் பழைய மாணவர் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், என் பையன் எந்நேரமும் கேம்தான். மூளை கெட்டுப்போகுமா?" உடனே அவள் வகுப்புக்காரன் ஒருவன், "நாமளும்தான் மரியோ விளையாடினோம், கெட்டா போயிட்டோம்?" என்று எழுதினான். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. வகுப்பில் உட்கார்ந்திருப்பது போலப் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்று. பிள்ளைகள் விளையாடுவதும் பெரியவர்கள் கவலைப்படுவதும் நேற்று வந்தவை இல்லை. கீழடியில் தோண்டியபோது சுடுமண் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. நம் கடற்கரை பற்றிய சங்கப் பாடல்களில் பெண்பிள்ளைகள் மணலில் சிற்றில் கட்டுகிறார்கள், நண்டை விரட்டி விளையாடுகிறார்கள். அதே காலத்துப் பெரியவர்கள் சூதாட்டத்தால் குடி கெடுவதையும் பார்த்திருக்கிறார்கள். திருக்குறளில் 94ஆவது அதிகாரம் முழுக்கச் சூதுதான். அதாவது விளையாட்டு வேறு, சூது வேறு என்று நம் முன்னோர்கள் பிரித்தே பார்த்தார்கள். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை இது தேவைப்படும்.

நான் பிள்ளையாக இருந்த காலத்தில் நம் ஊரில் விளையாட்டுச் சாமான் எல்லாம் கடலும் மரமும் கொடுத்தவை. பல்லாங்குழிக்குச் சோழி, தாயத்துக்குப் புளியங்கொட்டை, தட்டாங்கல்லுக்குக் கூழாங்கல். திரேஸ்புரம் பையன்கள் தண்ணீருக்குள் மூச்சடக்கிப் போட்டி போடுவார்கள். அது வெறும் விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் அப்படி விளையாடியவர்களில் சிலர் பின்னாளில் சங்கு குளிக்கப் போனார்கள். பல்லாங்குழி ஆடின பெண்பிள்ளைக்கு என் வகுப்பில் கூட்டல் கழித்தல் சீக்கிரம் வந்தது. ஆசிரியர் பயிற்சியில் ஃப்ரோபெல், மாண்டிசோரி என்று படித்தோம். விளையாட்டே சின்னப் பிள்ளையின் வேலை என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

இனி வீடியோ கேம் கதைக்கு வருவோம். 1972இல் அமெரிக்காவில் அடாரி நிறுவனம் 'பாங்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. திரையில் இரண்டு கோடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான். 1978இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் 'பாக்மேன்'. அதே 1972இல் நம் பக்கத்துச் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கி, இரும்புக்கை மாயாவி வந்து இறங்கினார். அந்தக் காலத்து வாத்தியார்கள் காமிக்ஸைப் பார்த்தால் பிடுங்கி மேசைக்குள் போட்டுவிடுவார்கள். "இதைப் படிச்சா உருப்பட மாட்டே" என்பார்கள். படித்தவர்கள் பலர் உருப்பட்டார்கள். அதிலிருந்து வாசிப்புப் பழக்கம் வந்தவர்களும் உண்டு. எண்பதுகளில் டிவி. மொட்டைமாடியில் உயரமாக ஆன்டெனா நட்டு இலங்கை ரூபவாஹினி பார்த்த ஊர் நம் ஊர். அப்போதும் இதே பேச்சுதான்.

தொண்ணூறுகளில் டிவியில் மாட்டும் கேம் பெட்டி வந்தது. 'கேசட்' என்று சொல்லி மரியோவும் கான்ட்ராவும் மாற்றி மாற்றிப் போட்டு ஆடினீர்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடினார்கள். பிறகு நோக்கியா போனில் பாம்பு. அப்புறம் பிரவுசிங் சென்டரில் கார் ரேஸ். இதிலெல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருந்தது. கேசட் முடியும், கடைக்காரர் "நேரம் ஆச்சு தம்பி" என்பார், கையில் இருந்த காசு தீரும், அம்மா சீரியலுக்கு டிவி வேண்டும் என்பாள். "நாங்க கெட்டா போயிட்டோம்" என்று கேட்டவனுக்கு என் பதில் இதுதான்: உன் ஆட்டத்தை நிறுத்த நாலு பேர் இருந்தார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. பள்ளிக்கூடம் பூட்டியதும் பாடம் போனுக்குள் போனது. விடியும் முன்னே உப்பளத்துக்குப் போகிற அம்மாவும், தோணிக்குப் போகிற அப்பாவும் கடன் வாங்கியாவது போன் வாங்கிக் கொடுத்தார்கள். படிப்புக்காகத்தான் வாங்கினார்கள். அதில் தப்பு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பாடம் ஒரு மணி நேரம், போன் பகல் முழுக்க. அந்த இடைவெளியில் ஆட்டம் புகுந்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தது. ஒன்று போனால் வேறு பெயரில் இன்னொன்று இருந்தது.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இரண்டு பக்கமும் சொல்கிறேன். 2003இல் 'நேச்சர்' இதழில் கிரீன், பாவெலியே என்ற இரு ஆய்வாளர்கள், வேகமான ஆட்டங்கள் ஆடுகிறவர்களுக்குக் கண் பார்த்துக் கவனிக்கும் திறன் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடிப் பழகிய அறுவை மருத்துவர்கள் நுண்துளை அறுவைப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள். 2019இல் இங்கிலாந்தில் பதின்வயதினரிடம் நடந்த ஆய்வில், வன்முறை ஆட்டம் ஆடுவதற்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே "கேம் ஆடினால் மூளை கெடும்", "துப்பாக்கி ஆட்டம் ஆடினால் ரவுடியாவான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மறுபக்கம் இது. அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 2,000 பேரை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் சில நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். அதே பிள்ளைகளிடம் கவனக்குறைவுப் பிரச்சினைகளும் கூடுதலாகத் தெரிந்தன. எதனால் எது வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கண் விஷயத்தில் தெளிவு அதிகம். வெளி வெளிச்சத்தில் விளையாடும் நேரம் குறைந்தால் கிட்டப்பார்வை கூடுகிறது. அதனால்தான் தைவான் நாடு 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளியே அனுப்புகிறது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது: இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

அதே நிறுவனம் 'கேம் ஆடும் கோளாறு' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு மூன்று அடையாளம். ஆட்டத்தை நிறுத்த முடியாமை. சாப்பாடு, படிப்பு, சேக்காளி எல்லாவற்றையும்விட ஆட்டம் பெரிதாகிப் போவது. கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இப்படிச் சுமார் ஓராண்டு நீடித்தால்தான் நோய் என்கிறார்கள். லீவில் நாலு நாள் விடாமல் ஆடினான் என்பதற்காகப் பையனை நோயாளி ஆக்கிவிடாதீர்கள். உண்மையிலேயே மூன்றும் இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வெட்கப்படாதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014இலேயே இதற்கெனத் தனி சிகிச்சைப் பிரிவு தொடங்கிவிட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். 1955 முதல் 1961 வரை நம் கடலில் முத்துச் சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு பெரிய சலாபம் இல்லை. குளித்து எடுத்த சிப்பியைப் பிரிக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது. எங்கள் அப்பா அந்தக் காலத்தில் இரண்டு சேக்காளிகளோடு பங்கு போட்டுச் சிப்பி வாங்கினார். அழுகவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவிப் பார்த்தால் கடுகளவு தூள் முத்துதான். "அடுத்த சிப்பியில இருக்கும், அடுத்த சிப்பியில இருக்கும்னு ராத்திரி முழுக்க அலசினோம்" என்று சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். எங்கள் சித்தப்பா, அத்தை வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும்.

இன்றைய போன் ஆட்டங்கள் பலவற்றில் அதிர்ஷ்டப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வைரமோ நாணயமோ வாங்கி, அதைக் கொடுத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே நல்ல துப்பாக்கியோ சட்டையோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிரிக்காத சிப்பிதான் இது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பிராணியை அதிகமாகக் கட்டிப்போடும் என்று ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியதைப் பயிற்சிப் பள்ளியில் படித்தோம். பெல்ஜியம் நாடு 2018லேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

சலாபத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சலாபம் சில வாரம்தான், அதுவும் பாரில் சிப்பி விளைந்த வருஷத்தில்தான். ஏலம் எடுத்தவர் பெரியவர். கடலில் சிப்பி தீரும். போனுக்குள் இருக்கிற சிப்பி தீராது, ராத்திரி இரண்டு மணிக்கும் ஏலம் நடக்கும், எடுக்கிறவனுக்கு வயது பதின்மூன்று.

என்னிடம் படித்த ஒருவர், இப்போது விசைப்படகில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் மகனை என் வீட்டுக்குக் கூட்டி வந்தார். வலை வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம், நூறும் இருநூறுமாகக் கணக்கிலிருந்து போயிருந்தது. அவர் பையனை அடிக்கவில்லை. "நீங்க பேசுங்க டீச்சர், எனக்குப் பேசத் தெரியல" என்றார். பையன் வெகுநேரம் தலை குனிந்தே இருந்தான். பிறகு மெதுவாக, "அடுத்த பெட்டியில வந்திரும்னு நெனச்சேன் டீச்சர்" என்றான். அவனுக்கு எங்கள் அப்பா சிப்பி அலசிய கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தான், அப்புறம் அழுதான். "உன்னை ஏமாத்தத் தெரிஞ்ச பெரிய மனுஷங்க உட்கார்ந்து செஞ்ச பெட்டி அது. நீ ஒருத்தனா அதை ஜெயிக்க முடியாதுலே" என்றேன். அன்றே வங்கிக் கணக்கு வேறு எண்ணுக்கு மாறியது. ஆட்டத்தை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. காசு போகாத ஆட்டம், சாயங்காலம் ஒரு மணி நேரம், கூடத்தில் உட்கார்ந்து. இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான்.

சட்டமும் தாமதமாகவேனும் வந்திருக்கிறது. நீதியரசர் சந்துரு குழு 2022இல் அறிக்கை தந்தது. இணையச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் சட்டமன்றத்தில் இரண்டு முறை நிறைவேறி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்குட்பட்டோர் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாரும் ஆடக்கூடாது என்ற 2025 விதிகளைச் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூனில் சரி என்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதிர்ஷ்டப் பெட்டி 'விளையாட்டு' என்ற பெயரில் வருவதால், அதைக் கண்டுபிடிக்க வேண்டியது வீட்டில் இருக்கிற நீங்கள்தான்.

பெற்றோரான என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பையனோ பெண்ணோ என்ன ஆடுகிறார்கள் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். அதில் காசு கேட்கிறதா என்று பாருங்கள். ஓடிபி வரும் எண்ணும் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். படுக்கும்போது போன் உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும். போனைப் பிடுங்குகிற அன்று அதற்குப் பதிலாக ஏதாவது கொடுங்கள். கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் நீங்களே ஒரு ஆட்டம் கோலி ஆடுங்கள். வெறும் கையோடு சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னால் எந்தப் பிள்ளையும் உட்காராது.

என் வீட்டில் பல்லாங்குழிப் பலகையும் ஒரு டப்பா சோழியும் இருக்கின்றன. மாதா கோவில் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், நான் சொல்லித் தருகிறேன். நீங்கள் சின்ன வயதில் என்னென்ன விளையாடினீர்கள், எந்தத் தெருவில், யாரோடு என்று கீழே எழுதுங்கள். சலாபம் பார்த்த தாத்தா பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்