நாடோடிப் பந்து – 17: ஒரே தேதி, இரண்டு முகம்

போன வாரம் ரோஜர் மில்லாவை நாற்பத்திரண்டு வயதில் அமெரிக்க மைதானத்தில் ஓடவிட்டு நிறுத்தியிருந்தோம். அதே 1994 உலகக் கோப்பையில், அதே கேமரூன் அணியில், மில்லாவின் மகன் என்று சொன்னால் நம்பிவிடக்கூடிய வயதில் ஒரு பையனும் இருந்தான். பெயர் ரிகோபெர்ட் சாங். வயது 17. இருவருக்கும் இடையே இருபத்துநான்கு வயது. உலகக் கோப்பையில் ஒரே ஜெர்சி அணிந்த இரண்டு பேருக்கு நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி அதற்கு முன் இருந்ததில்லை.

ஜூன் 24, ஸ்டான்ஃபோர்ட் மைதானம். எதிரே ரொமாரியோ, பெபெட்டோ, டுங்காவோடு பிரேசில். அந்த வருடம் கோப்பையைத் தூக்கப்போகிற அணி அது. இரண்டாம் பாதியில் பின்வரிசையைப் பிளந்துகொண்டு ஒரு பந்து வர, பையன் முரட்டுத்தனமாகக் காலை நீட்டினான். நடுவர் சிவப்பு அட்டையை எடுத்தார். பதினெட்டு நிறைய இன்னும் ஏழு நாள் பாக்கி. உலகக் கோப்பையில் வெளியேற்றப்பட்ட மிக இளையவர் என்று அவன் பெயர் ஏட்டில் ஏறியது. கேமரூன் 0-3 என்று தோற்றது.

நான்கு வருடம் கழித்து, தேதியில் ஒரு நாள் முன்னதாக, பிரான்ஸின் நாந்த் நகரில் சிலிக்கு எதிராக ஆட்டம். மறுபடியும் சாங்குக்குச் சிவப்பு அட்டை. இரண்டு உலகக் கோப்பைகளில் வெளியேற்றப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான். பின்னாளில் அந்தப் பட்டியலில் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் சாதாரண ஆளில்லை, ஜினடின் ஜிடேன்.

ஸ்டாப்பர் பேக்கின் பிழைப்பு அப்படிப்பட்டது. முன்வரிசைக்காரர் பத்துப் பந்தை வெளியே அடித்துவிட்டு பதினோராவதை உள்ளே தள்ளினால், ஊர் தோளில் தூக்கிக்கொள்ளும். ஸ்டாப்பர் எண்பத்தொன்பது நிமிடம் கதவைச் சாத்திப் பிடித்திருந்தாலும், தாழ்ப்பாள் நழுவிய அந்த ஒரு நிமிடத்தைத்தான் மறுநாள் பேப்பர் போடும். சாங் அந்த நிமிடங்களைச் சுமந்துகொண்டே ஐரோப்பாவில் எட்டு கிளப்களுக்கு ஆடினார்.

யவுண்டே நகரின் டோனேர் கிளப்பில் தொடங்கி, 1994-ல் பிரான்ஸின் மெட்ஸ் கிளப்புக்கு வந்தார். 1996-ல் அங்கே லீக் கோப்பை கிடைத்தது. 1998-ல் பிரெஞ்சு லீக் பட்டமே கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. மெட்ஸுக்கு 68 புள்ளி, லான்ஸ் அணிக்கும் 68 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பட்டம் லான்ஸுக்குப் போனது. அந்த லான்ஸ் அணியின் நடுக்களத்தில் இருந்தவர் சாங்கின் தோழர் மார்க்-விவியன் ஃபோ. யவுண்டேயிலேயே டோனேர், கனோன் என்று எதிரெதிர் கிளப்களில் வளர்ந்தவர்கள் இவர்கள்.

பிறகு பெட்டி படுக்கையோடு அலைச்சல். இத்தாலியின் சலெர்னிடானாவில் அரை சீசன்கூட நிலைக்கவில்லை. 1999 தொடக்கத்தில் பயிற்சியாளர் ஜெரார் ஊலியே லிவர்பூலுக்கு அழைத்துக்கொண்டார். 2000 நவம்பரில் வெஸ்ட் ஹாம் கிளப், ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டுக்கு லீட்ஸுக்கு விற்ற கையோடு சாங்கை வாங்கியது. கோடிகளில் போனவர் விட்ட இடத்தில் நிற்பது லேசான வேலையில்லை. அங்கிருந்து ஜெர்மனியின் கொலோனுக்கு இரவலாகப் போனார். அந்த சீசனிலேயே அந்த அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. 2002-ல் மறுபடி பிரான்ஸ், இம்முறை ஒரு காலத்தில் பட்டத்தைத் தட்டிப் பறித்த லான்ஸுக்கே. ஃபோ ஆடிவிட்டுப் போன லான்ஸ், ஃபோ ஆடிவிட்டுப் போன வெஸ்ட் ஹாம் என்று தோழரின் தடத்திலேயே இவர் நடந்ததைக் கவனித்தீர்களா?

இத்தனை ஊர் ஏன்? 1995 டிசம்பரில் வந்த போஸ்மான் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்கு ஐரோப்பாவுக்குள் வழியைத் திறந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதிலும் அந்நாளில் இங்கிலாந்தில் வேலை அனுமதி வேண்டுமென்றால், நாட்டு அணியின் போட்டி ஆட்டங்களில் நான்கில் மூன்றிலாவது ஆடியிருக்க வேண்டியிருந்தது. ஆக, கேமரூனின் பச்சை ஜெர்சிதான் சாங் போன்றவர்களுக்குப் பாஸ்போர்ட். சிக்கலும் அதில்தான். அப்போது ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை ஜனவரி, பிப்ரவரியில் நடந்துவந்தது. ஐரோப்பாவில் அது சீசனின் நட்டநடு. பட்டறையில் வேலை குவிந்திருக்கும் நாளில் முதலாளியிடம் லீவு கேட்டுப் போகிற வேலைக்காரன் கதைதான். சாங் 1996 முதல் 2010 வரை ஒன்றுவிடாமல் எட்டு முறை போனார்.

போனதற்குப் பலனும் கண்டார். 2000 இறுதி ஆட்டம் லாகோஸில், நைஜீரியாவின் சொந்த மண்ணில் நடந்தது. 2-2 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. கேமரூனின் கடைசி உதையை அடிக்க நடந்து போனவர் இரண்டு உலகக் கோப்பையிலும் தலைகுனிந்து வெளியேறிய அதே சாங். பந்து வலைக்குள் விழுந்தது, கோப்பை கேமரூனுக்கு. 2002 பிப்ரவரி 10 அன்று மாலி நாட்டின் பமாகோவில் செனகலோடு மறுபடி பெனால்டி, மறுபடி கோப்பை. கையில்லாத ஜெர்சி போட்டு ஆடி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த அணிக்கு அப்போது அவர்தான் கேப்டன்.

தேதியை நினைவில் வையுங்கள். 2008 பிப்ரவரி 10, கானாவின் அக்ரா. எகிப்தோடு இறுதி ஆட்டம். 77-வது நிமிடத்தில் பெனால்டி பகுதிக்கருகே சாங்கின் காலில் பந்து. வெளியே உதைத்துத் தொலைத்திருக்கலாம். வைத்துக்கொண்டு தடுமாறினார். முகமது ஜிடான் விடாமல் மல்லுக்கட்டிப் பிடுங்கி அபூத்ரிகாவுக்குத் தள்ள, எகிப்து 1-0. ஆறு வருடத்துக்கு முன் அதே தேதி தூக்கிவிட்டது. இப்போது அதே தேதி கீழே போட்டது.

அந்த வயதில் அப்படியொரு பிழைக்குப் பிறகு பலர் பூட்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். சாங்குக்கு 31 வயது. 2004 முதல் கலாட்டாசராயில் இருந்தார். இரண்டு துருக்கி லீக் பட்டங்கள் அங்கே கிடைத்தன. 2008-லேயே கருங்கடல் ஓரத்து டிராப்சோன்ஸ்போருக்கு மாறி இன்னும் இரண்டு வருடம் ஆடினார். அதற்குள் கேமரூன் கேப்டன் பட்டையைப் பயிற்சியாளர் பால் லு குவென் கழற்றி சாமுவேல் எட்டோவின் கையில் கட்டிவிட்டார். ஆனாலும் 2010 உலகக் கோப்பை அணியில் சாங் இருந்தார். கேப் டவுனில் நெதர்லாந்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அன்றும் ஜூன் 24. ஸ்டான்ஃபோர்டில் சிவப்பு அட்டை பார்த்து நாள் பிசகாமல் பதினாறு வருடம். கேமரூன் தோற்றது, அது ஏற்கெனவே வெளியேறிவிட்ட அணி. யாருக்கும் பயனில்லாத அந்தச் சில நிமிடங்களை அவர் முழுதாக ஆடி முடித்துவிட்டு நடந்து வெளியே வந்தார். நாட்டுக்காக 137 ஆட்டங்கள். அதோடு ஓய்வு.

கதை அங்கே முடிந்திருந்தால் இந்தத் தொடரில் அவருக்கு ஒரு பத்தி போதும். 2016 அக்டோபரில், நாற்பது வயதில், யவுண்டேயில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நினைவிழந்து விழுந்தார். பாரிஸுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். பிழைத்து எழுந்து வந்தார். 2022 பிப்ரவரி கடைசியில் கேமரூன் அணியின் பயிற்சியாளரானார். அடுத்த மாதமே அல்ஜீரியாவோடு உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டம். சொந்த மண்ணில் 0-1 தோல்வி. பிளிடாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 124-வது நிமிடத்தில் டோக்கோ எகாம்பி அடித்த கோல் கேமரூனைக் கத்தாருக்கு அனுப்பியது.

கத்தாரில் 2022 டிசம்பர் 2 அன்று எதிரே பிரேசில். வழக்கமான நேரம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் வின்சென்ட் அபூபக்கர் தலையால் முட்டிக் கோல் அடித்தார். உலகக் கோப்பையில் பிரேசிலை ஓர் ஆப்பிரிக்க அணி வென்றது அதுவே முதல் முறை. மகிழ்ச்சி தாங்காமல் ஜெர்சியைக் கழற்றினார் அபூபக்கர். ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். நடுவர் சிரித்துக்கொண்டே கைகுலுக்கிவிட்டு, இரண்டாவது மஞ்சளையும் பிறகு சிவப்பையும் காட்டினார். அபூபக்கரும் சிரித்துக்கொண்டே வெளியேறினார். அதே பிரேசில், அதே சிவப்பு அட்டை. கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் 1994-ன் பையன்.

வென்றும் கேமரூன் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. 2024-ல் அந்தப் பதவியும் போனது. மனிதர் சும்மா இருக்கவில்லை. பக்கத்து நாடான மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் அணியைப் பயிற்றுவிக்கப் பெட்டியைக் கட்டிவிட்டார்.

சாங் வாழ்க்கையின் இன்னொரு தேதியை இங்கே வேண்டுமென்றே தாண்டி வந்திருக்கிறேன். 2003 ஜூன் 26. லியோன் நகரின் ஜெர்லாந்த் மைதானத்தில், கேமரூனின் அரையிறுதி ஆட்டத்தின் 72-வது நிமிடத்தில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது ஃபோ சரிந்து விழுந்தார். மூன்றாவது நாள் இறுதி ஆட்டத்துக்கு, அந்தத் தோழரின் பெரிய படத்தோடு, அணியைக் கூட்டி வரவேண்டிய கேப்டன் சாங்தான். அந்த மூன்று நாளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(பந்து உருளும்)