பல்லை வெளுக்க மனிதன் பட்ட பாடு



விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் லயத்துக் குழாயடியில் பாட்டன்மார் பல் துலக்கிய காட்சியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுப்புக்கரி, உமிக்கரி, உப்பு, வேப்பங்குச்சி ஆகியவையே அன்றைய சாதனங்கள். கையில் காசு இருந்தால் தமிழ்நாட்டுப் பற்பொடி ஒரு பொட்டலம். இன்றோ, பல்லை வெளுக்கச் செய்யும் பசையும் ஒட்டுப்பட்டையும் நீல விளக்கும் அஞ்சலிலேயே வீடு தேடி வருகின்றன. இவற்றால் பல் உண்மையில் வெளுக்குமா? தீங்கு ஏதும் நேருமா?

எல்லா நாட்டிலும் வெண்பல்லை அழகென்று கருதினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானில் மணமான பெண்கள் இரும்பைக் காடியில் ஊறவைத்த நீரும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொடியும் சேர்த்துப் பூசிப் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். 1870இல் அரசாங்கம் பிரபுக்கள் குடும்பத்தாருக்கு அதைத் தடை செய்தது. 1873இல் பேரரசியே வெள்ளைப் பல்லோடு மக்கள்முன் தோன்றினார். அதன்பின் அவ்வழக்கம் மெல்ல மறைந்தது.

உரோமாபுரியின் கதை வேறு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் காட்டுல்லஸ் என்னும் கவிஞர், ஸ்பெயின் நாட்டான் ஒருவனின் பளபளக்கும் பல்லைக் கேலி செய்து பாடினார். அவன் சிறுநீரால் பல் துலக்குகிறான் என்பதே கேலி. முகம் சுளிக்காதீர்கள். நாட்பட்ட சிறுநீரில் அம்மோனியா உண்டு. அது கறை நீக்கும். 1728இல் பல் மருத்துவத்துக்குப் பெருநூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார்கூட, பல்நோய்க்காரர்களைத் தம் சிறுநீரால் வாய் கொப்பளிக்கச் சொன்னார்.

இதைவிடக் கொடிது நாவிதர் வைத்தியம். ஐரோப்பாவில் நாவிதர்களே பல்லும் பார்த்த காலத்தில், பல்லை அரத்தால் தேய்த்து நைட்ரிக் அமிலத்தைத் தடவினார்கள். பல் உடனே வெளுத்தது. பின்னர் சொத்தை விழுந்தது. காரணம் எளிது. பல்லின் மேலுறையாகிய எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அமிலத்தில் கரையும். நகம்போல் மறுபடி வளராது. எனாமல் தேயத் தேய, அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் பளிச்சென்று தெரியும். வெளுக்கப் போய்ப் பல் மேலும் மஞ்சளாகும்.

எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கலந்து தேய்த்தால் பல் வெளுக்கும் என்று மாணவர்களுக்கு நாமே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறோம். அதுவும் அமிலந்தான். நாவிதர் செய்ததையே நாம் சமையற்கட்டுப் பொருளால் செய்யச் சொன்னோம். கரியும் அப்படியே. மேற்கறையைச் சுரண்டுமே தவிர உள்நிறத்தை மாற்றாது. கரிப் பற்பசைகளைப் பற்றிய ஆய்வுகளை 2017இல் ஓர் அமெரிக்கப் பல் மருத்துவ இதழ் திரட்டிப் பார்த்தது. விளம்பரங்கள் சொல்வதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. பாட்டன் அடுப்பிலிருந்து சும்மா எடுத்த கரிக்கு இப்போது குழாயில் அடைத்து விலை!

உள்நிறத்தை மாற்ற வல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு. 1818இல் தெனார் என்னும் பிரெஞ்சு இரசாயனர் அதைக் கண்டுபிடித்தார். அது எனாமலை ஊடுருவி, நிறம் தரும் பொருள்களைச் சிதைக்கிறது. இதை வீட்டு மருத்துவமாக்கியது ஒரு தற்செயல். 1960களின் இறுதியில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பல்வரிசை திருத்தும் மருத்துவர் ஒருவர், ஈறு புண்ணுக்கு 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு மருந்தைப் பல்லுறையில் இட்டு இரவில் அணியச் சொன்னார். ஈறு ஆறியது, பல்லும் வெளுத்தது! ஆயினும் ஹேவுட், ஹேமன் என்னும் இருவர் 1989இல் கட்டுரை வெளியிட்ட பிறகே உலகம் இதை அறிந்தது.

ஆகவே முதல் கேள்விக்கு விடை, ஆம், வெளுக்கும். ஆனால் என்றென்றைக்கும் அல்ல. தேநீரும் வெற்றிலையும் புகையும் மறுபடி கறையேற்றும். அடைத்த பல்லும் செயற்கைப் பல்லும் நிறம் மாறா. மூப்பினால் வந்த மஞ்சள் எளிதில் வெளுக்கும். குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து உண்டதால் வந்த சாம்பல் நிறத்துக்குப் பல மாதம் ஆகும்.

தீங்கு என்றால், பற்கூச்சமும் ஈறு எரிச்சலும் பலருக்கு வருவதுண்டு. பெரும்பாலும் சில நாளில் தணியும். வீரியம் மிகுந்தால் ஈறு வெந்துபோகும். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இயற்றிய விதிப்படி, 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 வரை பெராக்சைடு உள்ள பொருளைப் பல் மருத்துவர்களுக்கே விற்கலாம். 18 வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்தலாகாது. நம் வீடுகளுக்கு வரும் புட்டிகள் சிலவற்றில் அளவே அச்சிடப்படுவதில்லை.

நம்மிடம் படித்த பெண்ணொருத்தி, திருமணத்துக்கு இரு வாரம் இருக்கையில் அப்படியொரு புட்டியை வாங்கிப் பூசினாள். ஈறு வெள்ளையாக வெந்து உரிந்தது. பழுப்பென்று அவள் நினைத்தது சொத்தை. மருந்து அந்தக் குழிக்குள் இறங்கியதால் இரவெல்லாம் வலி. அரசாங்கப் பல் மருந்தகத்தில் சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தார்கள். வெளுக்கும் பேச்சையே மருத்துவர் எடுக்கவில்லை. திருமணப் படத்தில் அவள் வாய்நிறையச் சிரித்திருக்கிறாள்; பல் கொஞ்சம் மஞ்சள்தான்.