கழுத்தும் சிறுநீரும்: ஒரு நோயின் பெயர் மாறிய வரலாறு

முன்கழுத்துக் கழலையை வடமொழி மருத்துவ நூல்கள் ‘கலகண்டம்’ என்றன. இந்திப் பேச்சுவழக்கு ‘கேங்கா’ என்றது. இரு பெயர்களும் கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தையே குறித்தன. 1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடின் கண்டறியப்படும்வரை, நோயின் காரணத்தைச் சுட்டும் சொல் எம்மொழியிலும் இருக்க வாய்ப்பில்லை.

1956இல் வி. ராமலிங்கசாமி குழுவினர், அன்று பஞ்சாபிலிருந்த காங்ரா பள்ளத்தாக்கை மூன்று மண்டலங்களாகப் பிரித்தனர். இரண்டிற்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றிற்கு வெறும் உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில், அயோடின் பெற்ற மண்டலங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. பின்னர் அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது.

ஆயினும் கழுத்து மெதுவாகப் பேசும் சாட்சி. வீக்கம் தோன்றவும் வற்றவும் மாதங்கள், ஆண்டுகள் ஆகும். அது சொல்வது நேற்றைய வரலாறு. இன்றைய நிலையைச் சொல்வது சிறுநீர். உண்ணும் அயோடினில் 90 விழுக்காட்டிற்கு மேல் அதன்வழியே வெளியேறுகிறது. 1937இல் சாண்டல், கோல்தாஃப் ஆகியோர் விளக்கிய வேதிவினையே இச்சோதனையின் அடிப்படை: மஞ்சள் நிறச் சீரியக் கரைசல், அயோடின் மிகுந்திருந்தால் விரைந்து நிறமிழக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஒருவர் சிறுநீரிலுள்ள அயோடின் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். ஆகவே ஒற்றை மாதிரி ஒரு தனிமனிதரின் குறைபாட்டை உறுதிசெய்யாது. பள்ளிச் சிறார் பலரின் மாதிரிகளில் இடைநிலை அளவு லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம்வரை இருப்பின், அச்சமூகத்திற்கு அயோடின் போதுமானது என்று கொள்கிறோம். இது ஊரின் அளவுகோல். ஆளின் அளவுகோல் அன்று.

கருவிலிருக்கும் குழந்தையின் மூளை, தாயின் கழுத்து வீங்கும்வரை காத்திருப்பதில்லை. இவ்வுண்மை உணரப்பட்டபின், 1992இல் அத்திட்டமும் ‘தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம்’ எனப் பெயர் மாறியது. அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்பதற்கு இருந்த நடுவண் அரசின் தடை 2000இல் நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய கொள்கை மாற்றங்களின் விளைவைக் கழுத்து காட்டும்போது ஒரு தலைமுறைக் குழந்தைகள் பிறந்திருப்பார்கள். சிறுநீர் சில வாரங்களிலேயே சொல்லிவிடும். கேட்பதற்கு நாம் அளந்துகொண்டே இருக்கவேண்டும்.