வேகத்திற்கு இட்ட வேலி

பிரித்தானியாவிலே 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீதியிற் செல்லும் இயந்திர வண்டிக்கு முன்னே ஒருவர் செங்கொடி தாங்கி நடத்தல் வேண்டும். நகரிலே மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்பதே எல்லை. மாட்டு வண்டியும் முந்திவிடக்கூடிய வேகம்! 1903இல் எல்லை 20 மைலாயிற்று. மோட்டார்கள் பெருகப் பெருக, அதனை மதிப்போர் அருகினர். யாவரும் மீறும் விதி சட்டத்திற்கே இழுக்கு என வாதிட்டோர் வென்றனர். 1930இல் கார்களுக்கான எல்லை அறவே நீக்கப்பட்டது. கேட்பதற்கு நியாயமான வாதந்தான். ஆயின் 1934இல் வீதிகளில் மாண்டோர் 7,343 பேர். மாண்டோரும் காயமுற்றோருமாகப் பாதியளவினர், வண்டியேறாது நடந்து சென்றோர். அவர்களுடைய வேகத்தைப் பற்றி எவரும் வாதிட்டதில்லை. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1935 மார்ச் 18 முதல், வீடுகள் செறிந்த இடங்களில் 30 மைல் எல்லை நடைமுறைக்கு வந்தது.